குற்றமுள்ள சம்பாஷணை

'கான்வர்சேஷன்' என்ற ஆங்கில வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பையன்கூடத் தயங்காமல் 'பேச்சு' என்று சொல்லிவிடுவான். பழைய காலத்து உபாத்தியாயராக இருந்தால் 'சம்பாஷணை' என்பார். இரண்டும் சரிதான். ஆனால் இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் லண்டன் நீதிமன்றம் ஒன்றில் ஒரு கனவான் எழுந்து நின்று, "இந்த மனிதர் என் மனைவியோடு கான்வர்சேஷன் வைத்துக்கொண்டார், எனக்கு 10,000 பவுன் நஷ்டஈடு வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டால், பேசினதற்கா பத்தாயிரம் என்று அங்கே யாரும் வியந்திருக்கமாட்டார்கள். நீதிபதிக்கும் புரியும், ஜூரிகளுக்கும் புரியும், வேடிக்கை பார்க்க வந்து படியில் உட்கார்ந்திருக்கும் மீன்காரிக்கும் புரியும். அந்தப் பிராதுக்குச் சட்டப் புத்தகத்தில் இருந்த பெயரே 'கிரிமினல் கான்வர்சேஷன்'. நம் பாஷையில் குற்றமுள்ள சம்பாஷணை என்று வைத்துக்கொள்ளலாம். ஊரார் அவ்வளவு நீளமாகச் சொல்லப் பொறுமையில்லாமல் 'கிரிம் கான்' என்று சுருக்கிவிட்டார்கள்.

சபையில் சொல்லக் கூசுகிற விஷயத்தை வேறு வார்த்தையில் மூடிச் சொல்வதற்கு நம் இலக்கணத்தில் 'இடக்கரடக்கல்' என்று பெயர் கொடுத்து, நன்னூலார் அதைத் தகுதி வழக்கில் சேர்த்திருக்கிறார். ஆணும் பெண்ணும் கூடுவதைச் சொல்ல எந்தப் பாஷைக்காரனும் நேர் வழியில் போவதில்லை. இங்கிலீஷ்காரன் 'கூடத் தூங்கினான்' என்பான். அங்கே தூக்கம் ஒன்றுதான் நடந்திராது. பைபிளில் ஆதாம் ஏவாளை 'அறிந்ததாக' வருகிறது. அந்த 'அறிதல்' எபிரெய மூலத்திலிருந்து இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் ஒருங்கே வந்த மரியாதைச் சொல். 'லவ் மேக்' பண்ணுவது என்று இன்றைக்குச் சொன்னால் ஒரே அர்த்தந்தான். ஆனால் 1815-இல் வெளிவந்த 'எம்மா' நாவலில் ஜேன் ஆஸ்டின் அம்மாள் ஒரு பாதிரியாரை வண்டிக்குள்ளே கதாநாயகியிடம் அதைச் செய்யவைக்கிறார். பாவம், அந்தப் பாதிரியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கல்யாணம் செய்துகொள் என்று கெஞ்சினதோடு சரி. காதல் மொழி பேசுவதற்குத்தான் அந்தக் காலத்தில் அப்படிப் பெயர். அது படுக்கையறைக்குள் நுழைந்தது இருபதாம் நூற்றாண்டில்.

'கான்வர்சேஷன்' போன வழி இதற்கு நேர் எதிர். படுக்கையறையில் முதலில் இருந்துவிட்டுப் பிறகுதான் அது கூடத்துக்கு வந்து பேச ஆரம்பித்தது. லத்தீன் மூலத்தில் அதற்கு ஒருவரோடு கூடவே இருப்பது, பழகுவது என்று பொருள். பதினான்காம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்கு வந்தபோது ஒருவர் வாழ்கிற விதம், நடத்தை என்று பொருள்பட்டது. 1611-இல் ஜேம்ஸ் ராஜா காலத்தில் வெளிவந்த பைபிளில் இந்தச் சொல் வருகிற பல இடங்களில், தமிழ் பைபிளைத் திறந்து பார்த்தால் 'நடக்கை' என்றுதான் இருக்கும். உடல் உறவு என்ற பொருள் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பேச்சு என்ற பொருள் அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. பிறகு வந்த பிள்ளை வீட்டுக்கு உரியவன் ஆகி, மூத்தவனை வெளியே தள்ளிவிட்டான். தள்ளப்பட்டவனுக்கு அடைக்கலம் கொடுத்தது நீதிமன்றம். அங்கே அவன் கௌரவமாகக் காலந்தள்ளினான்.

இந்த வழக்கு என்ன மாதிரியான வழக்கு என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். விபசாரம் பாவமா, அதற்குத் தண்டனை உண்டா என்பதெல்லாம் மாதாகோயில் நீதிமன்றத்தின் விவகாரம். கிரிம் கான் அப்படியல்ல. இது பணத்துக்கான தாவா. ஒருவனுடைய தோட்டத்தில் அத்துமீறி நுழைந்து பழத்தைப் பறித்தவன்மேல் எப்படிப் பிராது கொடுக்கிறோமோ, அதே வகையில்தான் இதையும் சேர்த்திருந்தார்கள். 1768-இல் வெளிவந்த தம்முடைய சட்ட நூலின் மூன்றாம் பாகத்தில் பிளாக்ஸ்டன் இதைப் பலாத்காரத்தோடும் ஆயுதத்தோடும் செய்த அத்துமீறல் என்ற இனத்தில் வைக்கிறார். பெண்மணி தானாக மனமுவந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு, இரவில் பின்கதவு வழியாக வண்டி ஏறிப் போயிருப்பாள். சட்டத்தின் கண்ணிலோ, வந்தவன் ஆயுதபாணியாக வந்து அவள்மேல் பாய்ந்தான் என்றே கணக்கு. ஏனென்றால் சம்மதம் கொடுப்பதற்கு அவள் யார்? உடைமை எங்கேயாவது சம்மதம் கொடுக்குமா?

ஆகவே வாதி புருஷன். பிரதிவாதி அந்த இன்னொரு ஆண். வழக்கே எவளைப் பற்றியதோ அவள் வாதியும் அல்ல, பிரதிவாதியும் அல்ல. சாட்சிக் கூண்டிலும் அவளை ஏற்றமாட்டார்கள். அந்தக் காலத்துச் சட்டப்படி வழக்கில் சம்பந்தப்பட்ட ஆண்களும் சாட்சி சொல்ல முடியாது என்பது வாஸ்தவந்தான். ஆனால் அவர்களுக்கு ஆளுக்கு ஒரு வக்கீல், சில சமயம் மூன்று நான்கு வக்கீல்கள், தொண்டை கிழியப் பேசுவதற்கு இருந்தார்கள். அவளுக்காகப் பேச ஒருவரும் இல்லை. சம்பாஷணை என்று பெயர் வைத்த வழக்கில் பெண் வாயைத் திறக்கவே இடமில்லை. இதைப் படித்த அன்றிலிருந்து அந்தப் பெயரை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பிறகு யார்தான் பேசினார்கள்? வேலைக்காரர்கள் பேசினார்கள். கதவிடுக்கு வழியாகப் பார்த்த தாதி, படுக்கை விரித்த பணிப்பெண், சத்திரத்துச் சமையற்காரன், வண்டிக்காரன் எல்லோரும் சத்தியம் செய்துவிட்டு, எந்தச் சோபா எப்படிக் கசங்கியிருந்தது என்பது வரையில் சொல்வார்கள். அதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, படமும் போட்டு, புஸ்தகமாக விற்பதற்கென்றே லண்டனில் பதிப்பாளர்கள் இருந்தார்கள். 1779-80-இல் இப்படிப்பட்ட வழக்குகளைத் திரட்டி ஏழு பாகங்களாகவே போட்டார்கள். தலைப்பில் பரம சாதுவாக ஒரு 'சம்பாஷணை'. உள்ளே புரட்டினால் சகலமும் விவரமாக இருக்கும். வெட்கத்துக்காகப் போட்ட திரை, கூட்டம் சேர்க்கிற நாடகத் திரையாகிவிட்டது.

பெரிய இடத்து வழக்கு ஒன்று. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தம்பி கம்பர்லந்து கோமகன், கிராவ்னர் பிரபுவின் மனைவி ஹென்றியெட்டாவோடு பழகினார். 1769 டிசம்பரில் செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்ச் சத்திரம் ஒன்றில் இருவரும் அகப்பட்டுக்கொண்டார்கள். மறு வருஷம் வழக்கு. பிரபு கேட்டது ஒரு லட்சம் பவுன். ஜூரிகள் கொடுத்தது 10,000. கோமகனிடம் அவ்வளவு பணம் இல்லை. செலவும் சேர்த்து 13,000 பவுனுக்கு அண்ணா மன்னர்தான் வழி பண்ணவேண்டியிருந்தது. கோமகன் எழுதிய காதல் கடிதங்கள் நீதிமன்றத்தில் படிக்கப்பட்டன. பிறகு அச்சிலும் வந்தன. எழுத்துப் பிழை மலிந்த கடிதங்கள். ராஜவம்சத்தில் பிறந்தவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லையே என்று ஊர் முழுவதும் சிரித்தது. கிராவ்னர் பிரபு மட்டும் யோக்கியரா என்றால், இல்லை. அவருடைய லீலைகளும் ஊரறிந்தவை. அதனால் அவருக்குப் பூரண விவாகரத்து கிடைக்கவில்லை. இருவரும் பிரிந்து வாழ்ந்தார்கள். அவருடைய லீலைகளுக்காக ஹென்றியெட்டா யார்மேல் பிராது கொடுப்பது? அப்படி ஒரு பிராது சட்டத்திலேயே கிடையாது.

இன்னொரு வழக்கு இதைவிட விபரீதம். சர் ரிச்சர்டு வொர்ஸ்லி பார்லிமெண்டு அங்கத்தினர். வைட் தீவுக்குக் கவர்னர். அவர் மனைவி சீமோர், 1781 நவம்பரில் பிஸட் என்ற பட்டாளத்துக் காப்டனோடு ஓடிப்போனாள். புருஷன் 20,000 பவுன் கேட்டு வழக்குப் போட்டார். 1782 பிப்ரவரியில் மான்ஸ்பீல்டு பிரபு முன்னிலையில் விசாரணை. சர் ரிச்சர்டின் பக்கம் பலமாகத்தான் இருந்தது. அப்போது ஒரு ஸ்நான சாலையின் பணிப்பெண் சாட்சிக்கு வந்தாள். மெய்ட்ஸ்டன் ஊரில் சீமாட்டி குளித்துவிட்டு உடை மாற்றுகையில், சர் ரிச்சர்டே காப்டனைத் தம் தோளில் ஏற்றி ஜன்னல் வழியாகப் பார்க்கச் செய்தார் என்று அவள் சொன்னாள். ஜூரிகள் யோசித்தார்கள். பிஸட் குற்றவாளிதான் என்று தீர்ப்புச் சொல்லி, நஷ்டஈடாக ஒரு ஷில்லிங் கொடுக்கும்படி உத்தரவிட்டார்கள்.

இந்த ஒரு ஷில்லிங் கதையைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் சொல்லாமல் விடுகிற பாகம் ஒன்று உண்டு. காதலனைக் கடனிலிருந்து காப்பாற்றுவதற்குச் சீமோர் என்ன செய்தாள்? இதற்கு முன்பே தன்னோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து, அவன் தரப்பில் சாட்சி சொல்ல அனுப்பினாள். தன் கற்புக்கு ஏற்கனவே மதிப்பில்லை என்று நிரூபித்தால், புருஷனுக்கு நஷ்டம் குறைவு என்று ஆகுமல்லவா? பழைய சாமானுக்கு என்ன விலை கொடுப்பார்கள்! தான் பேச முடியாத நீதிமன்றத்தில் தன் பெயரைத் தானே குப்பையில் எறிவது ஒன்றுதான் அவள் கையில் இருந்த ஆயுதம். வழக்கு ஜெயித்த மாதிரிதான். ஆனால் பிஸட் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டான். ரெய்னால்ட்ஸ் எழுதிய அவளுடைய சித்திரம் ஹேர்வுட் மாளிகையில் இருக்கிறது. சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு, கையில் சாட்டையோடு, யாருக்கும் அடங்காதவள் மாதிரி நிற்கிறாள்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் என்னை மிகவும் கலக்கியது கரோலின் நார்ட்டன் என்ற பெண்ணின் வழக்கு. நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி; தானும் கவிதையும் நாவலும் எழுதிப் பெயர் வாங்கினவள். 1827-இல் ஜார்ஜ் நார்ட்டன் என்ற வக்கீலுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் முரடன், கை நீட்டுகிறவன், வருமானமும் போதாது. அவனுக்கு உத்தியோகம் கேட்டு அவள் மெல்போர்ன் பிரபுவுக்கு எழுதினாள். 1831-இல் மாஜிஸ்டிரேட் வேலை கிடைத்தது. பிரபுவும் சிநேகிதராகி, சாயங்காலங்களில் வந்து பேசிக்கொண்டிருக்கலானார். பேச்சு என்றால் இங்கே நிஜமான பேச்சு. அப்படித்தான் அவள் சாகும்வரை சொன்னாள். 1836-இல் வீட்டுச் சண்டை முற்றியது. நார்ட்டன் மூன்று ஆண் குழந்தைகளையும் அவளிடமிருந்து அப்புறப்படுத்திவிட்டு, 10,000 பவுன் கேட்டுப் பிராது கொடுத்தான். அப்போது மெல்போர்ன் பிரபு இங்கிலாந்தின் பிரதம மந்திரி!

1836 ஜூன் 22-ஆம் தேதி விசாரணை. நார்ட்டன் கொண்டுவந்த சாட்சிகள் வேலையிலிருந்து நீக்கப்பட்ட குடிகாரர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களுமாக இருந்தார்கள். பிரபு எழுதிய சீட்டுகள் சிலவற்றை வக்கீல் படித்தார். இத்தனை மணிக்கு வருகிறேன் என்பதற்குமேல் அவற்றில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள்ளே எவ்வளவு பயங்கரம் ஒளிந்திருக்கிறது பாருங்கள் என்று அவர் வாதாடினார். அன்றைக்கு 'மார்னிங் கிரானிகிள்' பத்திரிகைக்காக நிருபர் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுத்த வாலிபனுக்கு இருபத்துநான்கு வயது. அவன் பெயர் சார்லஸ் டிக்கன்ஸ். சில மாதங்களுக்குப் பிறகு 'பிக்விக் பேப்பர்ஸ்' கதையில் ஒரு வழக்கு வரும். சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று எழுதிய சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு வக்கீல் அதில் காதலைக் கண்டுபிடிப்பார். அந்த ஹாஸ்யத்தைப் படித்து ரசித்தவர்கள், அதன் வேர் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்துகொள்ளலாம்.

ஜூரிகள் பெட்டியை விட்டு எழுந்திருக்கவேயில்லை. குற்றம் இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். கூட்டம் கரகோஷம் செய்தது. மெல்போர்ன் பதவியில் நிலைத்தார். மறு வருஷம் பட்டத்துக்கு வந்த இளம் விக்டோரியா ராணிக்கு ஆலோசகரும் ஆனார்.

கரோலினுக்கு என்ன ஆயிற்று? குற்றம் இல்லை என்று தீர்ப்பானதால் விவாகரத்துக்கு வழியே இல்லாமல் போயிற்று. அந்தக் காலத்தில் மறுமணம் செய்துகொள்ளும்படியான விவாகரத்து வேண்டுமென்றால் மாதாகோயில் நீதிமன்றம், கிரிம் கான் தீர்ப்பு, பிறகு பார்லிமெண்டில் தனி மசோதா என்று மூன்று படி ஏறவேண்டும். 1857 வரையில் இப்படி ஏறிக் கரை கண்டவர்கள் 300-க்குச் சொச்சம் பேர். அதில் பெண்கள் நாலே பேர். கரோலின் நிரபராதி, ஆகையால் அவனுக்கே மனைவி. குழந்தைகள் தகப்பன் சொத்து. ஆகையால் அவர்களைப் பார்க்க அவளுக்கு உரிமை இல்லை. அவள் எழுதிச் சம்பாதிக்கிற பணமும் சட்டப்படி அவனுடையது.

அவள் கையில் பேனா இருந்தது. தாய்க்குக் குழந்தைமேல் உரிமை வேண்டும் என்று துண்டுப் பிரசுரங்கள் எழுதி, மந்திரிகளுக்கும் அங்கத்தினர்களுக்கும் அனுப்பினாள். 1839-இல் அதற்கு ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தாய் கேட்கலாம், அவள்மேல் விபசாரம் நிரூபணமாகாமல் இருந்தால். ஆனால் அந்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது. நார்ட்டன் பையன்களை ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவைத்தான். 1842-இல் கடைசிப் பையன் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டான். அவளுக்குச் செய்தி வந்து அவள் ஓடினாள். போய்ச் சேருவதற்குள் குழந்தையைப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

அவள் நீதிமன்றத்தில் நின்று பேசியது 1853-இல். வண்டி பழுது பார்த்தவன் கூலி வரவில்லை என்று நார்ட்டன்மேல் போட்ட வழக்கில் அவளைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். புருஷனே எழுந்து அவளைக் குறுக்குக் கேள்வி கேட்டான். மானம் போன வழக்கில் பதினேழு வருஷங்களுக்கு முன் கிடைக்காத கூண்டு, வண்டிச் சக்கரத்துக்காகக் கிடைத்தது! 1855-இல் அவள் ராணிக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி அச்சிட்டாள். 1857-இல் வந்த விவாகச் சட்டத்தில், புருஷன் கைவிட்ட பெண் தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் அவளுடைய பங்கு உண்டு. அந்தச் சட்டந்தான் கிரிம் கான் வழக்கையும் ஒழித்தது. 1875-இல் நார்ட்டன் செத்த பிறகே அவள் விடுதலையானாள். 1877 மார்ச்சில் ஒரு பழைய சிநேகிதரை மணந்தாள், ஜூனில் இறந்தாள். பிற்பாடு ஜார்ஜ் மெரிடித் அவளை வைத்து ஒரு நாவல் எழுதினார். நாவலைவிட அவள் எழுதிய பிரசுரங்களையே நான் மேலாகச் சொல்வேன்.

பெயர் ஒழிந்ததே தவிர, விஷயம் உடனே ஒழியவில்லை. விவாகரத்து மனுவிலேயே மனைவியைக் கெடுத்தவனிடம் புருஷன் நஷ்டஈடு கேட்கலாம் என்று அதே 1857 சட்டம் இடம் கொடுத்தது. இங்கிலாந்தில் அதை எடுத்தது 1970-இல் செய்த சட்டம். அந்த ஏற்பாடு கப்பல் ஏறி நம் தேசத்துக்கும் வந்தது. கிறிஸ்தவர்களுக்காக 1869-இல் இங்கே செய்த விவாகரத்துச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புருஷன் அப்படி நஷ்டஈடு கேட்கலாம் என்றது. மனைவி கேட்கலாம் என்று சொல்லவில்லை. அது எடுக்கப்பட்டது 2001-இல்.

கிரிமினல் சட்டத்தின் கதை வேறு. 1837-இல் மெக்காலே எழுதிய முதல் நகலில் விபசாரம் குற்றமாகவே இல்லை. இந்த நாட்டுப் பெண்களைக் குழந்தையாக இருக்கும்போதே கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். புருஷன் வேறு மனைவிகளைத் தேடிக்கொண்டு அவர்களைப் புறக்கணிக்கிறான். அந்த நிலையில் அவர்களைத் தண்டிக்க மனம் வரவில்லை என்று அவர் குறிப்பு எழுதினார். மெக்காலேயை நான் அடிக்கடி புகழ்கிறவன் அல்ல. இந்த இடத்தில் புகழத்தான் வேண்டும். அவருக்குப் பின் வந்த கமிஷனர்கள் அதை ஒப்பவில்லை. 1860-ஆம் வருஷத்துப் பீனல் கோடில் 497-ஆவது பிரிவு ஏறியது. அதில் சம்பாஷணை என்ற மூடு மந்திரம் இல்லை. விஷயத்தை நேராகவே சொல்லியிருக்கிறது. பிறன் மனைவியோடு, அந்தப் பிறனுடைய சம்மதம் இல்லாமல் கூடினவனுக்கு ஐந்து வருஷம் வரை சிறை. பெண்ணுக்குத் தண்டனை கிடையாது. இதைத் தயை என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'புருஷனுடைய சம்மதம் இல்லாமல்' என்ற சொற்களை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். சம்மதம் இருந்தால் குற்றமே இல்லை. பழைய தோட்டமும் வேலியுந்தான்.

1954-இலும் 1985-இலும் சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பிரிவு செல்லும் என்றது. 2018 செப்டம்பர் 27-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, மனைவி புருஷனின் உடைமை அல்ல என்று சொல்லி அதைத் தள்ளினார்கள். 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய நியாய சம்ஹிதையில் அந்தப் பிரிவே கிடையாது. விவாகரத்துக்கு அது இன்னும் காரணமாகும், சிறைக்கு ஆகாது.

கிரிம் கான் என்ற பழம்பெயரோடு இன்றும் வழக்கு நடக்கிற இடம் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் வட கரோலினா ராஜ்யத்தில் போய்க் கேட்டால் வக்கீல்கள் பிராது எழுதிக் கொடுப்பார்கள். அங்கே இப்போது மனைவியும் வழக்குப் போடலாம். புருஷனோடு 'சம்பாஷித்த' பெண்மேல்.